ஒரு நாழித் தவிடு

பிச்சம்மாள் என்ற பெயரை ஞானசௌந்தரி முதன்முதலாகக் கேட்டது, இரண்டாவது பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான். தலைக்கு ஊற்றின ஈரம் காயாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். மூத்தது பெண், ஒன்பதாம் நாள் போனது. இது ஆண், ஐந்தாம் மாதம் நெஞ்சு இழுத்து இழுத்துப் போனது. புருசன் அம்புரோஸ் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தான். பிள்ளை செத்தது அவனுக்குத் தெரியவே பன்னிரண்டு நாள் ஆனது.

வந்த பெண்டுகள் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கடைசிவரைக்கும் இருந்தவள் இன்னாசியம்மாள். அம்புரோசுக்கு உடன்பிறந்த அக்கா. அவள் வாயிலிருந்து நல்ல சொல் வருவது அபூர்வம், ஆனாலும் அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன முறை, எந்தச் சடங்கை யார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடக்கும்.

"ஏளா, அடுத்தது தங்கணும்னா அத ஒன் பிள்ளையா வளக்காத," என்றாள் இன்னாசியம்மாள். "தேரிக் குருசடியில கொண்டு போட்டுட்டு, தவிட்டுக்கு வாங்கு. அங்கன பிச்சம்மான்னு ஒருத்தி இருக்கா. அவதான் தூக்குவா."

"யாரு மைனி அது? நம்ம ஆளா?"

"நம்ம ஆளு தூக்கப்படாதுளா. சொந்தம் தூக்குனா சாவுக்குத் தெரிஞ்சு போயிரும்."

தவிட்டுக்கு வாங்கினோம் என்று பிள்ளைகளைக் கேலி செய்யாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. அந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் அதை நிசமாகவே செய்வார்கள். பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள் புதிதாகப் பிறந்ததைக் குருசடிப் படியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். வேற்று ஆள் ஒருத்தி அதைத் தூக்கிக்கொள்வாள். அரைமணி நேரம் கழித்துத் தாய்க்காரி சுளகு என்கிற முறத்தில் ஒரு நாழித் தவிடு கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, பிள்ளையை விலைக்கு வாங்கிவர வேண்டும். செத்துப் போகவேண்டிய பிள்ளை செத்தாயிற்று, இது எவளோ பெற்றது, நாங்கள் தவிடு கொடுத்து வாங்கினது என்று கணக்கு.

மூன்றாவது பிள்ளை தொண்ணூற்றைந்தில் பிறந்தது. ஆண். ஜெரால்டு என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரண்டாம் மாதமே இதற்கும் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஞானசௌந்தரி மைனியைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ரோடு பிரிகிற தேரி விலக்கில் இறங்கினாள்.

விலக்கில் ஜேசுபாதம் என்பவர் மெழுகுதிரிக் கடை வைத்திருந்தார். அவர் கடைக்குப் பின்னாலேயே செம்மண் தொடங்கிவிடும். குருசடி இருப்பது மலை மேல் என்று ஊரார் சொல்வார்கள். மலை என்றால் கல் கிடையாது, காற்று சேர்த்து வைத்த சிவப்பு மணல் மேடுதான், அதைத்தான் தேரி என்பார்கள். உடைமரமும் முந்திரி என்கிற கொல்லாமரமும் பனையுமாக அடர்ந்து கிடக்கும். பாதை மரங்களுக்கு ஊடே வளைந்து வளைந்து போகும், ஏறுகிறோம் என்றே தெரியாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி இருபது நிமிசத்தில் ஏறிவிடலாம். மேலே போய்த் திரும்பினால் பனங்கொண்டைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் குருசடி, உள்ளே ஒரு ஆள் உயர அந்தோனியார், வெளியே மூன்று படி. அவ்வளவுதான்.

நேர்ச்சைக்காரர்கள் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். உடைமரத்து முள் விரல் நீளம் இருக்கும். ஆனாலும் அந்தப் பாதையில் யார் காலிலும் முள் ஏறினதில்லை. வாரத்துக்கு ஒருதரம், திங்கட்கிழமை பொழுது சாய, பிச்சம்மாள் அடியிலிருந்து உச்சிவரை இலைக்கொத்தால் மணலை வாரி, முள்ளைப் பொறுக்கி, ஒதுக்கிப் போட்டிருப்பாள். செவ்வாய் காலையில் பார்த்தால் பாதை சீப்பால் வாரினது மாதிரி வரிவரியாகக் கிடக்கும். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை.

அவள் கும்பிடுவது சுடலைமாடனை, அந்தோனியாரை இல்லை. புருசன் மகாராஜன் பனையேறி. கல்யாணம் முடிந்து நாலாம் வருசம் பனையை விட்டுவிட்டு உப்பளத்து வேலைக்கு மாப்பிள்ளையூரணிப் பக்கம் போனவன், அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். ஒரு மணி நேர பஸ்தான், வரவில்லை. பிள்ளை இல்லை என்பதைச் சொல்லித்தான் போனானாம். பிச்சம்மாள் தேரி அடியில் ஓலை வீட்டில் மூன்று வெள்ளாட்டோடு இருந்தாள். முதன்முதலில் எவளோ ஒருத்தி அவசரத்துக்குத் தூக்கச் சொல்லித் தூக்கினாள். அந்தப் பிள்ளை தங்கிவிட்டது. அதிலிருந்து புன்னைக்காயல் தொடங்கி மணப்பாடு வரைக்கும் பெண்டுகள் அவளைத் தேடி வந்தார்கள். ஞானசௌந்தரி போகிற காலத்தில் நாற்பது பிள்ளைக்கு மேல் தூக்கியிருந்தாள். நாற்பதும் அரைமணி அரைமணி நேரம்.

படியில் பிள்ளையைப் போட்டுவிட்டு ஞானசௌந்தரி திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். கடையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தவிட்டுச் சுளகோடு ஏறினாள். கொல்லாமர நிழலில் காலை நீட்டி, கால்மேல் பிள்ளையைப் போட்டுக்கொண்டு பிச்சம்மாள் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, ஒடிசலாக, முன்பல் கொஞ்சம் தூக்கினாற்போல.

"வா தாயி," என்றாள். "மெதுவா வா. இப்பத்தான் கண்ணசந்தான்."

ஞானசௌந்தரி குனிந்து பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். ஒரு மாதமாக அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு அவள் உறங்கினதே இல்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

இன்னாசியம்மாள் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "வாங்காதளா. இன்னைக்கு வாங்குனா அதுவும் போயிரும். அடுத்த செவ்வா பாத்துக்கிடலாம்."

"அதுக்கு முறை இல்லியே," என்றாள் பிச்சம்மாள். "அன்னன்னைக்குத்தான வாங்குவாவ."

"ஒனக்கு ஆட்டுப்பால் இல்லியா?"

"பால் இருக்கு."

"பெறகென்ன?"

அப்படித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் ஞானசௌந்தரியின் ரவிக்கை நனைந்துபோனது. மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்தாள். அடுத்த செவ்வாய் தவிடு கொண்டுபோனாள். பிள்ளை தெளிந்து கிடந்தது. கையில் வாங்கிய நிமிசத்தில் இருமினது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த செவ்வாயும் அப்படித்தான். அவள் வீடோ கருவாட்டுக் கொட்டகையை ஒட்டினது, சேலையெல்லாம் அந்தத் தூள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது அதுதான் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவர்கள் டாக்டரிடம் கேட்கவில்லை. அவள் கை பட்டால் பிள்ளை போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்புரோஸ் தோணியிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

நாற்பதாம் நாள் முடியட்டும் என்றார்கள். பிறகு வருசம் முடியட்டும் என்றார்கள். பல் முளைக்கட்டும், பேச்சு வரட்டும். ஆறு வருசம் போய்விட்டது.

ஒவ்வொரு செவ்வாயும் ஞானசௌந்தரி போனாள். பையன் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு தேரி முழுக்க ஓடினான். பனம்பழம் சூப்பி வாயெல்லாம் மஞ்சளாக இருப்பான். பிச்சம்மாள் அவனை ஒருநாளும் தன்னை அம்மா என்று கூப்பிட விடவில்லை. ஞானசௌந்தரி பாதையில் தலை காட்டியதும், "ஏலே, ஒங்கம்மா வாரா பாரு, போ," என்று முதுகில் தள்ளி விடுவாள். அவன் வருவான். வந்து முத்தம் கொடுத்துவிட்டு, கொண்டுபோன பன்னை வாங்கிக்கொண்டு, பிச்சம்மாளின் மடியில் போய் உட்கார்ந்து தின்பான்.

அதைப் பார்த்துக்கொண்டே ஞானசௌந்தரி ஆறு வருசம் இருபது நிமிசப் பாதையில் ஏறி இறங்கினாள். ஏறும்போது பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டாள். இறங்கும்போது பிச்சம்மாளை வெறுத்தாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருசம், தூத்துக்குடிக்குள் வேறு வீடு பார்த்துக் குடிபோன பிறகு, பிள்ளையை வாங்கப் போனார்கள். அதே சுளகு, ஒரு நாழித் தவிடு, தூக்கினவளுக்கு ஒரு புதுச்சேலை. பிச்சம்மாள் பையனுக்குத் தலை வாரி, எண்ணெய் வழிய வழியச் சீவி, படியில் உட்கார வைத்திருந்தாள். சுளகைப் பார்த்தாள்.

"ஆறு வருசத்துக்கும் இந்த ஒரு நாழிதானா தாயி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

சிரிப்புக்குத்தான் சொன்னாள். ஜேசுபாதம் பக்கத்தில் நின்று கேட்டவர், அவரும் சிரித்தார். ஆனால் ஞானசௌந்தரி அந்தச் சொல்லை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டாள். பிச்சம்மாள் தவிட்டை ஆட்டுக்குக் கொட்டினாள். பையன் போகமாட்டேன் என்று படியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அம்புரோஸ் தூக்கித் தோளில் போட்டு இறங்கினான். பிச்சம்மாள் ஆட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், திரும்பவில்லை.

ஊருக்கு வந்த பையன் எட்டு நாள் சாப்பிடவில்லை. உறக்கத்தில் "பிச்சம்மா" என்பான். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து தானாகவே பஸ் ஏறித் தேரிக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலமே பிச்சம்மாள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டாள். வாழ்நாளில் அவள் தூத்துக்குடிக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

"அடிக்காத தாயி," என்றாள். "பிள்ளை தெரியாம வந்துட்டான்."

உள்ளே வந்து தண்ணீர் குடி என்று ஞானசௌந்தரி சொல்லவில்லை. அவள் போன பிறகு பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவகிட்ட எதுக்குலே போற? அவதான ஒன்னைய தவிட்டுக்கு வித்துட்டா."

"யாரு?"

"பிச்சம்மாதான். நாங்க தவிடு குடுத்தோம், ஒன்னைய குடுத்துட்டா. தவிட்ட ஆட்டுக்குக் கொட்டுனால்லா, நீயே பாத்தீயே."

பையன் பார்த்திருந்தான். ஆடு தின்றதைப் பார்த்திருந்தான். அவன் அதற்குப் பிறகு அழவில்லை. உறக்கத்தில் கூப்பிடவும் இல்லை. போட்டுவிட்டு வந்தவள் தான்தான், பிச்சம்மாள் தூக்கி வளர்த்தவள்தான் என்பது ஞானசௌந்தரிக்குத் தெரியாமல் இல்லை. அவன் கொஞ்சம் பெரியவன் ஆகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முதலில் தவிட்டைத் தள்ளிப்போட்டது மாதிரி இதையும் தள்ளிப்போட்டாள். குடும்பத்து நேர்ச்சையை வேறு கோயிலுக்கு மாற்றினாள். அம்புரோஸ் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சிறுநீரகம் கெட்டு இறந்தான். அவனும் சொல்லவில்லை.

ஜெரால்டு படித்துக் கப்பல் வேலைக்குப் போனான். பெரிய சரக்குக் கப்பல், ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் அவனுக்கும் ஜெர்லின் என்ற நர்ஸ் பெண்ணுக்கும் கல்யாணம். ஜெர்லின் யாரென்றால், இன்னாசியம்மாளின் புருசனுக்குச் சித்தப்பா பேத்தி, அந்த வழியில் முறைப்பெண்தான் ஆகிறது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தேரி விலக்கு ஜேசுபாதம் வீடு தேடி வந்தார். தலையெல்லாம் வெளுத்திருந்தது.

"பிச்சம்மா சொல்லிவிட்டா," என்றார். "முறைப்படி மறு செவ்வா பையன் பொண்டாட்டியோட நடந்து வருவான்லா. முள்ளு ஒண்ணு கெடக்காதாம். பொண்ணு தாராளமா வெறுங்காலோட வரலாமாம்."

விற்று வாங்கின பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தால் மறு செவ்வாய்க்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து ஏறிப்போய், தூக்கினவள் கையில் சேலை கொடுத்துக் கும்பிட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆகாது என்று இன்னாசியம்மாள், எண்பது வயதில் படுக்கையில் கிடந்துகொண்டு, சேலையைத் தானே எடுத்துவரச் சொல்லி வைத்திருந்தாள். பச்சைக் கண்டாங்கி.

ஞானசௌந்தரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவர்கள் சந்தித்தால் பிச்சம்மாள் பேசுவாள். பேச்சுவாக்கில், ஆறு வருசம் வாங்காமல் போட்டிருந்ததைச் சொல்லுவாள். குற்றமாகச் சொல்லமாட்டாள், சிரித்துக்கொண்டு சொல்லுவாள். இருபத்தெட்டு வருசத்தில் ஞானசௌந்தரிக்கென்று மிஞ்சினது அந்த ஒரு பையன் வாயில் வருகிற அம்மா என்ற சொல்தான். அது போய்விடும்.

தேரிக்குக் கிழக்குப் பக்கமாக, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கொடுத்த நன்கொடையில் சிமெண்டு ரோடு போட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. கார் படிவரைக்கும் போகும்.

செவ்வாய்க்கிழமை காரில் ஏறியதும் ஞானசௌந்தரி, "கிழக்கு ரோட்டுல போப்பா," என்று டிரைவரிடம் சொன்னாள். "பொண்ணுக்குக் கால் நோவும்."

குருசடியில் மெழுகுதிரி வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். ஜெர்லின் படியைவிட்டு இறங்கி மேற்கே எட்டிப் பார்த்தாள். கொல்லாமரங்களுக்கு நடுவே பழைய பாதை கீழே வளைந்து போனது. மணல் வரிவரியாக, ஒரு காலடி படாமல்.

"அத்தை, இதென்ன, கோலம் போட்ட மாதிரி இருக்கு. யாரு வாரி வெச்சிருக்கா?"

"காத்து," என்றாள் ஞானசௌந்தரி. "தேரியில காத்து அப்படித்தான் வாரும்."

ஜெரால்டு வந்து அந்தப் பாதையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டான். "அந்தத் தவிட்டுக்காரி இன்னும் இருக்காளாம்மா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெண்ணும் பையனும் நிற்கிறார்கள், சேலை காரில் இருக்கிறது, கீழே இருபது நிமிச தூரத்தில் அவள் இருக்கிறாள். ஞானசௌந்தரியின் வாய் திறந்தது.

"தெரியலப்பா," என்றாள். "எங்கயும் போயிருப்பா."

"போகட்டும்," என்றான் அவன். காரில் ஏறினான்.

பாதையின் அடியில் பிச்சம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள் என்று ஜேசுபாதம் பிற்பாடு சொன்னார். ஓலைக் கொட்டானில் வறுத்த கொல்லாங்கொட்டை வைத்திருந்தாளாம். வேறு ஆட்கள் வந்தபோது, "கொஞ்சம் ஓரமா போங்க, பிள்ளைக வருது," என்று பாதையில் கால் வைக்க விடவில்லையாம். மத்தியானம் அவர் போய், கார் வந்துவிட்டுப் போனதைச் சொன்னார்.

"அப்படியா," என்றாளாம். "பொண்ணு எப்படி, லெட்சணமா?"

"நான் பாக்கல."

"கறுப்பா சேப்பா?"

"பாக்கலங்கேன்லா."

கொட்டானை அவர் கடையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் பாதை கூட்ட வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஞானசௌந்தரி ஒரு செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல், சேலையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விலக்கில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய பாதையில் நடந்தாள். முதல் வளைவு தாண்டுவதற்குள் இடது குதிகாலில் முள் ஏறி ஒடிந்தது. அடுத்த வளைவில் இன்னொன்று. உட்கார்ந்து பிடுங்கி, குதிகாலில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அவ இங்க இல்லம்மா," என்றார் ஜேசுபாதம். "இடுப்பு ஒடிஞ்சு கெடந்தா. பங்குச் சாமியாரு ஆள் விட்டு, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில ஒரு இல்லத்துல சேத்திருக்காரு. ஆட்ட நான்தான் வித்தேன்."

புதுக்கோட்டைக்குப் போனாள். பெரிய கூடம், வரிசையாகக் கட்டில். பிச்சம்மாள் அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

"வா தாயி. பையனுக்கு இப்ப நெஞ்சு இழுக்கா?"

"இல்லக்கா."

"நான் சொன்னேன்லா, இழுக்காதுன்னு."

ஞானசௌந்தரி சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "அவன் குடுத்துவிட்டான்," என்றாள்.

பிச்சம்மாள் பச்சைக் கரையைத் தடவிப் பார்த்தாள். "அவனே கொண்டாந்திருக்கலாமே."

"கப்பல்ல இருக்கான்க்கா."

ஜெரால்டு அன்று வீட்டில்தான் இருந்தான். வரும்போது அவள் அவனுக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். பிச்சம்மாள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். குதிகாலில் என்ன கட்டு என்று கேட்டாள்.

"முள்ளுக்கா."

"ஆமா," என்றாள். "இப்ப கெடக்கும்."

ஞானசௌந்தரி அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. மகனிடம் எதுவும் சொல்லவுமில்லை. பிச்சம்மாள் புதுக்கோட்டையில், அந்த இல்லத்துப் பெண்கள் கூடத்தில், வாசலிலிருந்து எண்ணினால் ஏழாவது கட்டிலில் இருக்கிறாள்.